தலை யாருடையது? – ஹெல்மெட் சட்டத்தின் கதையும் நாயாற்று வீதியும்

நாயாற்றுப் பக்கம் ஹெல்மெட் பற்றிக் கதை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி "அது தலைக்கு நல்லதோ?" என்பதல்ல. "றோட்டில பொலிஸ் நிக்குதோ?" என்பதுதான். நின்றால் போடுவம். நிற்காவிட்டால் முழங்கையில் கொழுவிக்கொண்டு போவம். முல்லைத்தீவில் இருந்து சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டி நாயாற்றுப் பாலத்துக்கு வருகிற கரையோர வீதியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே போதும். ஹெல்மெட் பெற்றோல் டாங்கியில் இருக்கும், கண்ணாடியில் தொங்கும், பின்னால் இருக்கிறவரின் மடியில் இருக்கும். சிலவேளை தலையிலும் இருக்கும்.

இதைப் பற்றி எழுதுவம் என்று முடிவெடுத்தபோது நாங்கள் எங்களுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் வைத்துப் பார்த்தோம். கேள்வி சுருக்கமானது: சின்னப்பிள்ளை அல்ல, வயது வந்த ஒரு ஆள், சொந்தத் தலை, சொந்த பைக். "ஹெல்மெட் போடு, போடாவிட்டால் தண்டம் கட்டு" என்று அரசு கட்டாயப்படுத்தலாமா? நாங்கள் சரிபாதியாகப் பிரிந்தோம். பிறகு வாசிக்கத் தொடங்கினோம். உலகம் முழுக்க நீதிமன்றங்களும் பாராளுமன்றங்களும் வைத்தியர்களும் இந்தக் கேள்வியோடு அறுபது வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு எங்கட வீதிக்கு வருகிறோம்.

ஒரு மரணமும் ஒரு வைத்தியரின் கணக்கும்

1935 மே 13. இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் 46 வயதான ஒருவர் பிரவ் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரண்டு பொடியன்களில் மோதாமல் இருக்க வெட்டியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. நினைவு திரும்பவே இல்லை. ஆறு நாள் கழித்து, மே 19 அன்று, இறந்தார். அவர் ரி. ஈ. லோரன்ஸ். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். பாலைவனப் போரில் தப்பியவர், ஊர் வீதியில் தப்பவில்லை.

அவரைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். அவுஸ்திரேலியாவில் பிறந்த, ஒக்ஸ்போர்டில் வேலை செய்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த மரணம் அவருடைய மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இராணுவத்தில் கடிதம் கொண்டு ஓடுகிற மோட்டார் சைக்கிள்காரர் வரிசையாகச் சாகத் தொடங்கினார்கள். எதிரியின் குண்டில் அல்ல, வீதியில் விழுந்து. இருட்டடிப்பு நேரம், வீதி விளக்கில்லை.

கெய்ன்ஸ் எண்ணத் தொடங்கினார். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னால் இருந்தவர்களும் வீதி விபத்துகளில் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவர்களில் அவர் பார்த்தது ஏழு பேரைத்தான். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். 1941 இல் இதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அந்த வருடம் நவம்பரிலேயே இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 1946 இல் திரும்பவும் ஒரு கட்டுரை எழுதி, அந்தக் கட்டளைக்குப் பிறகு மரணங்கள் எப்படிக் குறைந்தன என்று காட்டினார்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஹெல்மெட் முதன்முதலாகப் பெருமளவில் கட்டாயமானது இராணுவக் கட்டளையாக. சிப்பாயிடம் யாரும் "உன்ர விருப்பம் என்ன?" என்று கேட்பதில்லை. அதே கட்டளையைப் பொதுமக்களுக்குப் போடலாமா என்பதில்தான் பிரச்சினை தொடங்கியது. கெய்ன்ஸ் 1952 இல் இறந்தார். பிரித்தானியாவில் எல்லாருக்குமான சட்டம் 1973 ஜூன் 1 அன்றுதான் வந்தது. மருத்துவ ஆதாரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் 32 வருடம்.

மீன்பெட்டிக்குள் இருக்கிற பொருள்

ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சண்டை பிடிக்கிறவர்கள் நிறைய. எங்களில் பலபேர் நினைத்திருந்தது, வெளியில் இருக்கிற கெட்டியான கோதுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று. கோது ஒரு பங்கு வேலையைச் செய்கிறது. அடியை ஒரு புள்ளியில் விழவிடாமல் பரப்புகிறது, கூரான பொருள் உள்ளே போகாமல் தடுக்கிறது. ஆனால் பெரிய வேலையைச் செய்வது உள்ளே இருக்கிற வெள்ளைப் பொருள். நாயாற்றில் மீன் ஏற்றுகிற பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்தானே? ரெஜிபோம். கிட்டத்தட்ட அதே சாமான்தான், இன்னும் இறுக்கமாகச் செய்தது.

தலை வேகமாகப் போய்த் தரையில் மோதும்போது மண்டையோடு சட்டென்று நிற்கும். மூளை நிற்காது. அது உள்ளே போய் மோதும், முறுகும், இரத்தக்குழாய் கிழியும். ரெஜிபோம் நசிகிறபோது அந்த நிற்கிற நேரம் மிகக் கொஞ்சம் நீளுகிறது. அந்தக் கொஞ்சம்தான் உயிர். 1953 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹெல்மெட் வடிவம் ஒன்றில் இருந்து இந்த நசிகிற உள்ளுறை முறை வளர்ந்தது. நசிந்த ரெஜிபோம் திரும்ப எழும்பாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் பாவிக்கக்கூடாது என்கிறார்கள். வெளியில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே அது தன் வேலையை முடித்துவிட்டது.

இன்னொன்று: வார் பூட்டாத ஹெல்மெட், தலை தரையில் படுவதற்கு முதலே கழன்று போய்விடும். பொலிசுக்காக மட்டும் தலையில் வைத்த ஹெல்மெட் பொலிசிடமிருந்து மட்டும்தான் காப்பாற்றும்.

எவ்வளவு காப்பாற்றும்? பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு சொல்வது: ஹெல்மெட் போட்டால் மரண ஆபத்து ஏறக்குறைய 42 வீதமும் தலைக்காய ஆபத்து 69 வீதமும் குறைகிறது. ஆகவே "ஹெல்மெட் பிரயோசனமா?" என்பதில் விவாதம் இல்லை. விவாதம் கட்டாயத்தில்தான்.

சட்டமும் எதிர்ப்பும்

உலகிலேயே முதன்முதலாகப் பொதுமக்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம், 1961 இல்.

அமெரிக்காவின் கதை வேறு. 1966 இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலங்களுக்கு வீதிக்கான காசில் கை வைப்போம் என்றது. 1975 ஆகும்போது 47 மாநிலங்களில் சட்டம் இருந்தது. மோட்டார் சைக்கிள் சங்கங்கள் விடவில்லை. 1976 இல் காங்கிரஸ் அந்த நெருக்குதலைக் கைவிட்டது. உடனே மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கின. இன்றுவரை இலினோய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றிலும் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. இன்னும் பல மாநிலங்களில் இளவயதினருக்கு மட்டும்தான் கட்டாயம். பெரியவர்கள் தங்கள் விருப்பம்.

எதிர்த்தவர்களின் பின்னால் ஒரு பழைய தத்துவம் இருந்தது. ஜோன் ஸ்ருவர்ட் மில் 1859 இல் சொன்னதன் சாரம்: ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்த ஒரேயொரு நியாயம்தான் உண்டு, அது மற்றவர்களுக்கு வரும் தீங்கைத் தடுப்பது, அவருடைய சொந்த நன்மை போதுமான காரணம் அல்ல. ஹெல்மெட் போடாதவர் யாரை இடிக்கிறார்? யாரையும் இல்லை. 1968 இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் இந்தப் பக்கம் நின்று சட்டத்தைச் செல்லாது என்றது.

1972 இல் மசாசூசெற்சில் இன்னொரு நீதிமன்றம் மறுபக்கம் நின்றது. அதன் வாதம் எளிமையானது. விழுந்தவரை வீதியில் இருந்து தூக்குவது சமூகம். ஆஸ்பத்திரியில் பார்ப்பது சமூகம். வேலை செய்ய முடியாமல் போனால் உதவிப்பணம் கொடுப்பதும், அவருடைய குடும்பத்தைத் தாங்குவதும் சமூகம். பிறகு எப்படி இது அவருடைய தனிப்பட்ட விசயம் ஆகும்?

பிரித்தானியாவில் எதிர்ப்பு இன்னொரு வடிவம் எடுத்தது. பிரெட் ஹில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வேண்டுமென்றே ஹெல்மெட் இல்லாமல் ஓடினார். தண்டம் கட்ட மறுத்தார். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1984 இல், 74 வயதில், சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அவருடைய வாதத்தோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் இவ்வளவு தூரம் போகிறான் என்றால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது.

சீக்கியர்களின் எதிர்ப்பு இதிலிருந்து வேறானது. அவர்கள் கேட்டது "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கான உரிமை அல்ல, தலைப்பாகைக்கான உரிமை. 1976 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களித்தது. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதே விலக்கு உண்டு. ஆக, அரசு நினைத்தால் ஒரு சமூகத்தின் தலையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சட்டத்தை வளைக்க முடியும். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எங்களுக்குக் கிட்டவும் இதே வழக்குகள் நடந்தன. 1988 இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஹெல்மெட் விதி நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 இலிருந்து ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது கடைகளில் ஹெல்மெட் வாங்கச் சனம் முண்டியடித்தது. தரமில்லாத சாமானும் கூடவே விற்பனையானது. மீம்கள் பறந்தன. ஆனால் வியட்நாமைப் பாருங்கள். போரால் சிதைந்து எழும்பிய, மோட்டார் சைக்கிளிலேயே வாழ்கிற நாடு. 2007 டிசெம்பர் 15 இலிருந்து எல்லா வீதிகளிலும் கட்டாயம் என்றார்கள். அநேகமாக ஒரே நாளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போடத் தொடங்கினார்கள். அதற்கு முதல் சில வருடங்களாகவே பிரச்சாரம் நடந்திருந்தது. வெக்கை நாட்டுக்கென்று பாரம் குறைந்த, காற்றுப் போகிற ஹெல்மெட்டுகளும் சந்தைக்கு வந்திருந்தன. அதாவது, சட்டம் வந்த அன்று சனத்திடம் ஏற்கனவே காரணமும் இருந்தது, சாமானும் இருந்தது.

போடு, கழற்று

இனி எங்கட நாடு. இலங்கையில் பதிவான வாகனங்களில் அரைவாசிக்கு மேல் மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவரும் பின்னால் இருக்கிறவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது சட்டம். ஆனால் வடக்கு கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு ஹெல்மெட் என்றால் ஞாபகம் வருவது 'போடு' என்ற கட்டளை மட்டுமல்ல. 'கழற்று' என்ற கட்டளையும்தான்.

சோதனைச் சாவடி வந்தால் இறங்கவேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றவேண்டும், ஐசியைக் காட்டவேண்டும். போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் முகம் மூடி வருகிற இரண்டு பேர் என்பது எங்கட பெரியாக்களுக்கு ஒரு கெட்ட சகுனம். 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று பத்திரிகைகள் எழுதியது பலதடவை அவர்களைத்தான். தெற்கிலும் அதுதான். 2009 ஜனவரி 8 அன்று 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்கள் வந்ததும் மோட்டார் சைக்கிள்களில். உயிரைக் காப்பாற்ற என்று கண்டுபிடித்த ஒரு பொருள், இங்கே கொலைகாரனின் முகமூடியாகவும் இருந்திருக்கிறது.

போர் முடிந்து ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த முரண்பாடு நீதிமன்றத்துக்கே போனது. 2015 மார்ச்சில், முகத்தை முழுசாக மூடுகிற ஹெல்மெட்டைத் தடை செய்வதாகப் பொலிஸ் அறிவித்தது. கொள்ளைக்காரர் அதற்குள் ஒளிகிறார்கள் என்பது காரணம். மோட்டார் சைக்கிள்காரர் கொதித்தெழுந்தார்கள். தாடையையும் முகத்தையும் காப்பாற்றுவது அந்த ஹெல்மெட்தானே? ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, தடையை நடைமுறைப்படுத்தவிடாமல் நிறுத்தியது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 29 இலிருந்து, முகம் மூடுவதே அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது. அதன் பாரம் அதிகமாக விழுந்தது முஸ்லிம் பெண்களின் மேல்.

'தலை பத்திரமாக இருக்கவேண்டும்' என்று ஒரு கையால் எழுதுகிற அரசு, 'முகம் எனக்குத் தெரியவேண்டும்' என்று மறுகையால் எழுதுகிறது. முதலாவது பராமரிப்பு, இரண்டாவது கண்காணிப்பு. றோட்டில் நிற்கிற ஒரே ஆள்தான் இரண்டையும் செய்கிறார் என்றால், சனத்துக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு சுவாரசியமான எதிர்க்கதையும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1980 இல் ஹெல்மெட் போடாதவருக்கு உடனடித் தண்டம் கொண்டுவந்தபோது, யாரும் நினைக்காத விதமாக மோட்டார் சைக்கிள் திருட்டு பெருமளவில் விழுந்தது. வழியில் கண்ட பைக்கைச் சட்டென்று களவெடுத்துக்கொண்டு ஓடுகிறவரிடம் ஹெல்மெட் இருக்காதே! அங்கே களவைக் குறைத்த அதே சாமான், இங்கே களவுக்குக் காரணம் என்று தடைசெய்யப் பார்க்கப்பட்டது.

நாயாற்றில் சட்டம்

இந்தக் கேள்வியை நாங்கள் ஏன் நாயாற்றில் வைத்துக் கேட்கிறோம்? ஒரு சட்டத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கிற சனம், அந்தச் சட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. சட்டத்தோடு தங்களுக்கு இருந்த முழு உறவையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு என்று இந்தக் கரையோரச் சனம் துரத்தப்பட்டது. வீடு, காணி, வாடி, வள்ளம் எல்லாம் விட்டு வந்தவர்கள் திரும்பிப் போக போர் முடியும்வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 1990களில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. தொடக்க மட்டும் துளி பெற்றோல். எம்.டி. 90 ஒன்று வைத்திருந்தால் ஊரில் பெரிய ஆள். கிடங்கு விழுந்த கிரவல் றோட்டில் யாரும் பறக்க முடியாது. அந்தக் காலத்து ஆட்கள் "நாங்கள் ஹெல்மெட் போட்டா ஓடினனாங்கள்?" என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்போது தலையைக் குறிவைத்து மேலே இருந்து வந்தவை வேறு.

2002 இல் ஏ9 திறந்த பிறகு அந்த வீதியில் தமிழீழக் காவல்துறை வேகக் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாகப் பார்த்தது. தெற்கிலிருந்து வந்தவர்களும் வேகத்தைக் குறைத்துத்தான் போனார்கள். பயத்திலா, எங்கட ஆக்கள் என்ற எண்ணத்திலா? இரண்டும் கலந்துதான். அந்த நாட்களை அப்படியே பொற்காலம் என்று எழுத நாங்கள் வரவில்லை. ஆனால் கேட்கிற பாசை விளங்கினால், நிற்கிற ஆளை ஊருக்குத் தெரிந்தால், வீதிச் சட்டத்துக்குச் சனம் கீழ்ப்படிகிறது என்பது இந்த மண்ணிலேயே நடந்த விசயம்.

2009 க்குப் பிறகு மூன்று சாமான் ஒரே நேரத்தில் வந்தன: காப்பெற் றோட்டு, லீசிங் கம்பனி, புது மோட்டார் சைக்கிள். கையில் காசில்லாதவரும் பைக் எடுக்கலாம் என்றானது. வேகம் வந்தது. வேகத்துக்கான பழக்கம் வர நேரம் இருக்கவில்லை. அதோடு நான்காவதாக வந்தது தண்டச் சீட்டு.

அதே வீதியில் வேறு விசயங்களும் நடந்தன. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் இரவோடு இரவாக எரிந்தன. 2019 செப்டெம்பர் 23 அன்று நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், வேறிடத்தில் தகனம் செய்யுங்கள் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தும், கோயில் கேணிக்குப் பக்கத்திலேயே ஒரு பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளை மீறப்பட்டதைப் பொலிஸ் நிற்கவே ஊர் பார்த்தது. அடுத்த நாள் அதே ஊர்க்காரர் ஹெல்மெட் இல்லாமல் கடைக்குப் போனால் மறிக்கப்படலாம். அவருக்குச் சட்டம் எப்படித் தெரியும்? பெரிய விசயத்தில் கண்ணை மூடுகிற, சின்ன விசயத்தில் கண்ணை முழிக்கிற ஒன்றாகத்தானே.

சீக்கியருக்காகச் சட்டம் வளைந்த கதையை இந்த இடத்துக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கச் சொன்னோம். அங்கே ஒரு சிறுபான்மை கேட்டது, பாராளுமன்றம் செவிகொடுத்தது. இங்கே 1987 இல் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதிவைத்தது. அது இன்றுவரை கடதாசியில்தான் இருக்கிறது. அது நடந்திருந்தால் நாயாற்றுப் பாலத்தடியில் மறிக்கிறவர் பெரும்பாலும் தமிழில் காரணம் சொல்கிற மாகாணப் பொலிஸ்காரராக இருந்திருப்பார். அதிகாரப் பகிர்வு என்றால் மேடையில் பேசுகிற விசயம் என்று நினைக்கிறோம். அது ஹெல்மெட் வாரை ஒருவர் ஏன் பூட்டுகிறார் என்பது வரைக்கும் வருகிறது.

எங்கட தீர்ப்பு

இவ்வளவும் சொல்லிவிட்டு "ஆகவே ஹெல்மெட் சட்டம் ஒடுக்குமுறை" என்று முடிக்கலாம். கைதட்டும் கிடைக்கும். நாங்கள் அப்படி முடிக்கப் போவதில்லை. பட்டிமன்றத்தில் பிரிந்து நின்ற எங்களில் பெரும்பாலானோர் கடைசியில் சேர்ந்த இடம் இது: வயது வந்தவருக்கும் ஹெல்மெட் கட்டாயமாக இருப்பது நியாயம். காரணங்கள் மூன்று.

முதலாவது, தூரம். மாஞ்சோலையில் இருக்கிற முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கே நாயாற்றிலிருந்து பாதை நீளம். தலைக்குள் இரத்தம் கசிந்து மூளைச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போவதென்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல். தலைக்காயத்தில் மணித்தியாலங்கள்தான் விதி. லண்டனில் ஹெல்மெட் இல்லாமல் விழுகிறவருக்கு இருக்கிற சந்தர்ப்பம் இங்கே விழுகிறவருக்கு இல்லை. ஆகவே சுதந்திரத்தின் விலை எல்லா ஊரிலும் ஒன்றல்ல.

இரண்டாவது, மில்லின் கணக்கு எங்கட ஊரில் சரிவராது. 'மற்றவருக்குத் தீங்கில்லை' என்று சொல்ல, ஒரு ஆள் தனியாள் ஆக இருக்கவேண்டும். போர் எத்தனையோ வீடுகளில் உழைக்கிற ஒரே ஆளை மட்டும் விட்டுவைத்தது. பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்த வீட்டில் இருக்கிற ஒரு பொடியன் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு விடிய நாலு மணிக்கு ஓடும்போது அவன் தலைக்குள் இருப்பது அவனுடைய மூளை மட்டுமல்ல. தாயின் மருந்து, தங்கச்சியின் படிப்பு, லீசிங் தவணை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் இலவசம், அதாவது எல்லாரும் சேர்ந்து கட்டுகிற காசு. மசாசூசெற்ஸ் நீதிமன்றம் சொன்னது அமெரிக்காவை விட வன்னிக்குப் பொருந்துகிறது.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியம். அரசு மேல் இருக்கிற கோவத்தை எங்கட தலையில் காட்டக்கூடாது. ஹெல்மெட் போடாமல் ஓடுவது பொலிசுக்கு எதிரான எதிர்ப்பு என்று நினைக்கிற ஒரு மனநிலை எங்கட வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. பிரெட் ஹில் செய்தது எதிர்ப்பு. அவர் காரணம் சொல்லி, சிறைக்குப் போய், விலை கொடுத்தார். பொலிசைக் கண்டதும் ஒழுங்கைக்குள் திருப்புவது எதிர்ப்பல்ல. அதில் தோற்கிறது அரசாங்கம் அல்ல, வீதியில் விழுகிறவரின் வீடு.

ஆனால் நியாயமான சட்டம் என்றால் நியாயமாக நடக்கவும் வேண்டும். மறிக்கிறவர் காரணத்தைத் தமிழில் சொல்லவேண்டும், சீட்டில் எழுதுவது வாசிக்க விளங்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கொடுக்கிற கம்பனி, எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள இரண்டு ஹெல்மெட்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கரையோர வெக்கைக்கு ஏற்ற, காற்றுப் போகிற ஹெல்மெட் ஊர்க்கடையில் கிடைக்கவேண்டும். முன்னால் பெற்றோல் டாங்கியில் இருத்திக்கொண்டு போகிற சின்னப்பிள்ளைக்கும் அளவான ஒன்று இருக்கவேண்டும். இவை எதற்கும் பெரிய காசு தேவையில்லை. சனம் பிழைக்கவேண்டும் என்ற எண்ணம் போதும்.

அரசு அதைச் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடற்றொழிலாளர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி, பள்ளிக்கூட ஒன்றுகூடல் என்று ஊருக்குள் சொல்லச் சொன்னால் கேட்கிற வாய்கள் எங்களிடம் இருக்கின்றன. பொலிஸ் மறித்துச் சொன்னால் "தண்டம் அடிக்கிறான்" என்று கேட்கிற காது, சம்மாட்டியோ கழகத் தலைவரோ சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும். வியட்நாமில் சட்டத்துக்கு முதல் அந்தப் பேச்சு நடந்தது. எங்களுக்குச் சட்டம் முந்திவிட்டது, பேச்சு பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

உங்கட வீட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தால் இன்றைக்கு ஒரு வேலை செய்து பாருங்கள். உள்ளுறையைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பாருங்கள், எங்காவது நசிந்திருக்கிறதா என்று. வாரைப் பூட்டி, பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள், கழன்று வருகிறதா என்று. கழன்றால் அந்த ஹெல்மெட் பொலிசுக்கு வாங்கினது. உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள்.